தேயாத செருப்பு

லெனாட் சொப்பிங் பையைக் கவிழ்த்தார். மேசைமேல் இரண்டு துணிச்செருப்புகள் விழுந்தன. பிரகலாதன் தன் கையால் தைத்து, தானே புத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த செருப்புகள். மேல்பக்கம் இன்னும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. பிரகலாதன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் பதியும் இடத்தில் ஓட்டை. குதிக்கால் பக்கம் ரப்பர் கிழிந்து, உள்ளே வைத்த ஸ்பொஞ் வெளியே எட்டிப் பார்த்தது.

"ஒரு மாசம்கூட ஆகேல்லை மச்சான்," என்றார் லெனாட். "உன்னைக் குறை சொல்ல வரேல்லை. போட நல்ல சுகம். நத்தார்ப் பண்டிகை வரைக்கும் வரும் எண்டு நினைச்சன், அதுதான்."

"நீ உதோடை றோட்டுக்குப் போனனியோ?"

"சத்தியமா வாசல் தாண்டேல்லை."

பிரகலாதன் எழுந்து உள்ளே போய் மனைவி தேவகுமாரியின் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அது லெனாட்டின் செருப்புக்கு வெகு முன்னதாகவே தைத்தது. ஒரே மோட்டார் சைக்கிள் ரியூப்பின் ஒரு பாதி இதற்கும் மறுபாதி அதற்கும் போயிருந்தது. அதே சொலூஷன் பசை, அதே நூல், அதே கை. திருப்பினார். தேவகுமாரியின் செருப்பின் அடி, வெட்டி ஒட்டிய அன்று இருந்த மாதிரியே கறுப்பாக மினுங்கியது.

இரண்டு பேரும் இரண்டு செருப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"உன்ரை மனுசி பறந்து திரியிறாவோ?" என்றார் லெனாட்.

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

பிரகலாதன் செருப்புத் தைக்கிற பரம்பரை அல்ல. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மினிபஸ் ஓட்டியே தலை நரைத்தவர். இணுவில் கந்தசுவாமி கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் வீடு. வீட்டுக்கு அப்பால் கொஞ்சம் வாழைத்தோட்டம், அதன் ஓரத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு கொட்டில். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு, இனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுவது சரியில்லை என்று பஸ்ஸைக் கைமாற்றிவிட்டார். ஓட்டிய காலத்தில் பஸ் ஆசனங்களுக்கு றெக்சின் உறைகளை அவரேதான் தைப்பார். அதனால் பெரிய ஊசி பிடிக்கக் கை பழகியிருந்தது. லெனாட் புத்தூர்ச் சந்தியில் அந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். ஏறி இறங்கியதில் தொடங்கிய சிநேகிதம், பஸ் போன பிறகும் போகவில்லை.

செருப்புக் கதை தொடங்கியது கிளினிக்கில். தேவகுமாரிக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் விறைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள். அன்று மிஸ்ஸி, அங்கிருந்த தாதி, அவளைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு தங்கூசி நைலோன் நரம்புத் துண்டால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள்.

"நான் தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

தொட்டபோது தேவகுமாரி பேசாமல் இருந்தாள். மிஸ்ஸி கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றபோது, "ஓம்," என்றாள். பக்கத்தில் நின்ற பிரகலாதனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இனி வீட்டுக்குள்ளையும் வெறுங்காலோடை நடக்கக் கூடாது," என்றாள் மிஸ்ஸி. "என்ன குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. தெரியேக்கை புண் பெருத்திருக்கும். ஐயா, நீங்கள்தான் கவனிக்கவேணும்."

வீடு வந்ததும் தேவகுமாரி ஒரேயடியாக மறுத்தாள். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் செருப்போடு உழக்கித் திரிகிறதா? பிரகலாதன் கடையில் ஒரு புதுச் செருப்பு வாங்கிவந்து, இது தெருவைக் கண்டதில்லை, வீட்டுக்கு மட்டும்தான் என்று சமாதானம் சொன்னார். அது விரலிடுக்கில் வார் வைத்த செருப்பு. காலையில் கிணற்றடியில் ஒன்று கழன்று கிடந்தது. தேவகுமாரி மற்றதை மட்டும் போட்டபடி குசினியில் நின்று தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு காலிலை செருப்பில்லை," என்றார் அவர்.

அவள் குனிந்து பார்த்தாள். "இப்பதானே போட்டனான்," என்றாள். அவள் முகத்தில் இருந்தது பயமா வெட்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கழன்று போகாத, காலை முழுக்க மூடுகிற, வீட்டுக்கு மட்டுமான ஒரு துணிச்செருப்பைத் தானே தைப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தார். மேல்பக்கம் சிரமமாக இருக்கவில்லை. பழைய பருத்திச் சேலையை மடித்து, அவளுடைய பாதத்தைக் கடதாசியில் வரைந்து, அந்த அளவுக்குத் தைத்தார். சிக்கல் முழுவதும் அடியில்தான் இருந்தது.

முதலில் சாக்கை நாலாக மடித்துத் தைத்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் மகள் ஆரணி கல்யாணத்துக்கு முன்னர் ஆசைப்பட்டு வீடு முழுக்க மாபிள் பதிப்பித்திருந்தாள். அந்த வழுவழுப்பில் சாக்கு எண்ணெய் பூசினாற்போல வழுக்கியது. தேவகுமாரி குசினிக் கதவைப் பிடித்துத் தப்பினாள். அடுத்ததாகச் சைக்கிள் ரியூப். அது வழுக்கவில்லை, ஆனால் நிலத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. காலை இழுத்து வைத்து நடக்கிறவள் தடுக்குப்பட்டாள். ரியூப்பைக் கீலம் கீலமாக வெட்டி இடைவெளி விட்டு ஒட்டினார். ஓரங்கள் கழன்று நாக்குப் போலத் தொங்கின. பஞ்சர் ஒட்டுகிற பொடியன்கள் சொலூஷன் பூசுமுன் ரப்பரை உரஞ்சுவார்களே என்று பிறகுதான் யோசனை வந்தது. உரஞ்சி ஒட்டினால் கழரவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிள் ரியூப்பும், அதற்கு மேலே ஒரு விரல் கனத்துக்கு ஸ்பொஞ்சும், அதற்கு மேலே காற்சட்டைத் துணியுமாக ஒன்று வந்தது. தானே கையால் அமுக்கிப் பார்த்தார். மெத்தை மாதிரி இருந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு," என்றாள் தேவகுமாரி.

வாரங்கள் போயின. அவர் அடிக்கடி அடியைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு கீறல் இல்லை. இரண்டு மாதம், மூன்று மாதம், அப்படியே இருந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கோயில் வாசலில் காண்கிறவர்களிடமெல்லாம் செருப்பைப் பற்றிக் கதைத்தார். லெனாட்டுக்கு ஒரு சோடி, பக்கத்து வீட்டு நிமலினி ரீச்சருக்கு ஒரு சோடி என்று தைத்துக் கொடுத்தார். இப்போது லெனாட்டின் சோடி மேசைமேல் பிய்ந்து கிடந்தது. அடுத்த நாள் நிமலினி ரீச்சரும் வேலிக்கு மேலால் தன் சோடியைக் காட்டினா. அதுவும் அதே கதிதான்.

"செம்மண் தம்பி," என்றா ரீச்சர். "காத்துக்கு உள்ளை வந்துடும். மண் ரப்பரைத் தின்னும்."

"எங்கடை வீட்டுக்கும் அதே மண்தானே ரீச்சர் வருது?"

ரீச்சர் அதற்குக் கொஞ்சம் யோசித்தா. "தேவகுமாரி நல்லாக் கூட்டுறவா," என்றா.

பிரகலாதன் புத்தூருக்குப் போய் லெனாட் வீட்டு நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பழைய சீமெந்து, கொஞ்சம் சொரசொரப்பு. சரி, லெனாட்டின் கதை அதுவாக இருக்கலாம். ஆனால் நிமலினி ரீச்சர் வீட்டிலும் மாபிள்தான். ரீச்சர் உடம்பு கனத்தவ என்று வைத்துக்கொண்டாலும் தேவகுமாரி ஒன்றும் ஈர்க்குக்குச்சி அல்ல. தனக்கும் அதே மாதிரி ஒரு சோடி தைத்துப் போட்டுக்கொண்டு தன் வீட்டு மாபிளிலேயே நடந்தார். மாதம் முடிய முன்னரே குதிக்கால் போய்விட்டது.

இப்போது அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஒரே வீடு, ஒரே நிலம், ஒரே ரியூப். ஆணின் நடைக்கும் பெண்ணின் நடைக்கும் இவ்வளவு வித்தியாசமா? சீனி வருத்தக்காரரின் பாதத்துக்கு வேறு மாதிரிச் சூடா? தேவகுமாரியின் செருப்பை ஒட்டிய அன்று வெயில் அதிகமா, அதனால் சொலூஷன் நன்றாக இறுகியதா? பாயில் படுத்தால் இதுதான் யோசனை. பிறகு வேறொரு பயம் வந்தது. தான் தோட்டத்துக்குப் போகிற நேரமெல்லாம் அவள் எழும்ப முடியாமல் கிடக்கிறாளோ? ஆனால் திரும்பி வரும்போது சமையல் முடிந்திருக்கும். வீடு கூட்டியிருக்கும். சாமிக்குப் பூ வைத்திருக்கும். கிடக்கிறவள் இவ்வளவும் செய்வாளா?

ஒருநாள் நேரடியாகவே கேட்டார்.

"இஞ்சை, நீர் செருப்பைப் போடுறனீர்தானே?"

"பின்னை? உங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே நிக்கிறன்."

குனிந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தாள்.

ரியூப்பை நம்பிப் பயனில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, மருதனார்மடத்து ரயர்க்கடை ஒன்றில் கழித்துப் போட்ட கார் ரயரில் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தார். பின் விறாந்தையில் வைத்து மரம் அரிகிற வாளால் அரிந்தார். ரப்பருக்குள் தலைமயிர் மாதிரி மெல்லிய உருக்குக் கம்பிகள் பின்னிக் கிடந்தன. வெட்டிய ஓரங்களில் அவை நீட்டிக்கொண்டு நின்று விரலைக் குத்தின. இரண்டு தடவை இரத்தம் வந்தது. குறட்டால் நறுக்கி, உரஞ்சி, ஒரு மாதிரி லெனாட்டுக்கு ஒரு சோடி அடி வெட்டி எடுத்தார். கல் மாதிரி இருந்தது. விறாந்தையைக் கூட்டி அள்ளிவிட்டு, மறுநாள் காலை செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புத்தூருக்குப் புறப்பட்டார்.

மருதனார்மடம் தாண்டு முன்னரே முன்சில்லுக் காற்றுப் போய்விட்டது. பஞ்சர் ஒட்டும் கடையில் கூட்டம், மத்தியானம் வரச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, வெயில் ஏற முன்னர் வீட்டுக்கு நடந்தார்.

படலை திறந்துதான் கிடந்தது. பின்பக்கத்தால் உள்ளே ஏறியவர், மாபிளில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டார். விறாந்தையிலிருந்து உள்ளே போய், சாமியறை வாசல் வரை போய், அங்கிருந்து திரும்பிக் குசினிப் பக்கம் போயிருந்தன. குங்குமச் சிமிழ் தட்டுப்பட்டுக் கொட்டிவிட்டதாக்கும் என்று நினைத்தார். ஒரு பொட்டைத் தாண்டிக் கால் வைத்தார். அடுத்ததையும் தாண்டினார். மூன்றாவதைத் தாண்டும்போதுதான், குங்குமம் இப்படி ஓர் எட்டுக்கு ஒன்றாகக் கொட்டாதே என்று பட்டது. குனிந்து விரலால் தொட்டார். ஈரமாக இருந்தது.

குசினியில் தேவகுமாரி முதுகைக் காட்டியபடி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால். இடது குதிக்காலுக்குக் கீழே மாபிளில் ஒரு சின்னச் சிவப்புக் குளம். செருப்பு இரண்டும் அரிசிப் பெட்டிக்கு மேலே, கடையில் வைத்தாற்போலச் சோடியாக இருந்தன.

"குமாரி."

திடுக்கிட்டுத் திரும்பினாள். "எப்ப வந்தனீங்கள்? சைக்கிள் சத்தமே கேக்கேல்லை!" சொல்லிக்கொண்டே கையை நீட்டிச் செருப்பை எடுக்கப் போனாள். அவர் முகத்தில் எதைக் கண்டாளோ, நீட்டிய கை அப்படியே நின்றது. "என்ன? என்ன நடந்தது?"

அவர் நிலத்தைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"ஆரின்ரை ரத்தம் இது?" என்று கேட்டாள்.

கதிரையில் இருத்திக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். குதிக்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. குறட்டால் மெல்லப் பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. தலைமயிர் போன்ற உருக்குக் கம்பி, ஒரு விரற்கடைக்கு மேல். இழுத்து முடிக்கும்வரை தேவகுமாரி தன் காலைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு நோகவேண்டும் என்று அறிய முயல்கிறவள் மாதிரி இருந்தாள். அவருக்கோ கம்பியைக் கண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று விறாந்தையில் தானே அரிந்த ரயரிலிருந்து தெறித்தது. கூட்டி அள்ளியதில் தப்பிக் கிடந்திருக்கிறது. மனுசியின் காலைக் காப்பாற்றுவதற்கென்று தொடங்கிய வேலை அது.

ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குப் போனார்கள். கழுவிக் கட்டி ஊசி போட்டார்கள். ஆழமான குத்து, கவனமாக இருக்கவேணும், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டவேணும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது, பழைய பஸ் ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்ததுதான். விறாந்தையில் இன்னும் சில கம்பிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சட்டைப் பின். ஆரணியின் பழைய அறையிலிருந்து பாதி பிளேட். இவ்வளவுக்கும் மேலால்தானா அவள் இத்தனை நாள் நடந்து திரிந்தாள்? மீதி ரயரைக் கொண்டுபோய்க் கடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு வந்தார்.

பல நாட்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அவள்மேல் என்று நினைத்தால் கம்பி நினைவுக்கு வந்தது. தன்மேல் என்று நினைத்தால் அரிசிப் பெட்டிக்கு மேலிருந்த செருப்பு நினைவுக்கு வந்தது. ஒரு பின்னேரம் காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தவளிடம், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"முதல் நாளிலை இருந்து," என்றாள். "உங்கடை சைக்கிள் ஒழுங்கையிலை திரும்பிற சத்தம் கேட்டா எடுத்துப் போடுவன். நீங்கள் கொட்டிலுக்கை இருந்தா, எழும்பேக்கை முழங்கால் நோவிலை ஒரு முனகல் முனகுவீங்கள். அது கேட்டாப் போடுவன்."

"ஏன் குமாரி? எங்கையும் இறுக்குதோ? சாமியறைக்காகவோ?"

"முதல்லை அதுக்காகத்தான். பேந்து அதில்லை." தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தாள். "அதைப் போட்டா நான் எங்கை நிக்கிறன் எண்டே எனக்குத் தெரியேல்லை. எல்லாரும் மெத்தை மாதிரி எண்டு சொல்லுகினம். எனக்குக் கிணத்துக்கை கால் வைக்கிற மாதிரி இருக்கு. கால் நிலத்திலை பட்டுட்டுதோ, இன்னும் கீழை போகவேணுமோ, ஒண்டும் விளங்காது. வெறுங்கால் எண்டா, இந்தக் குதிக்கால் ஓரத்திலை மட்டும் ஒரு குளிர் தெரியும். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கிறன்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் லெனாட் அண்ணைக்கும் ரீச்சருக்கும் அடியைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சந்தோசப்பட்டுக்கொண்டு நிண்டனீங்கள். பேந்து என்னெண்டு சொல்லுறது?"

அவர் கொட்டிலுக்குப் போக எழுந்தார். முனகல் வந்தது. அதைத் தன் காதாலேயே முதன்முறை கேட்டார்.

மெத்தென்று இருந்தால் நல்லது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டது. கொட்டிலில் இருந்து யோசித்தபோது ஒன்று தெளிந்தது: பஸ் ஓட்டிய காலம் முழுக்க, ஏறியதும் அவர் செய்கிற முதல் வேலை செருப்பைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே தள்ளுவது. கனத்த செருப்போடு கிளச்சை மிதித்தால் அது பிடிக்கிற இடம் காலுக்குத் தெரியாது. பஸ் குதிக்கும், பின்னால் நிற்கிற சனம் ஏசும். அப்படியென்றால் தேவகுமாரிக்கு வேண்டியது கனமும் மெதுமையும் அல்ல. மெல்லியதாக, விறைப்பானதாக ஒன்று. ஆனால் மெல்லியது என்றால் கம்பி குத்துமே? விறைப்பு என்றால் வழுக்குமே? ஒன்று தெளிந்தவுடன் பத்து குழம்பியது.

இந்த முறை தனியாக இருந்து வெட்டவில்லை. புண் ஆறத் தொடங்கியதும் அவளைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, வலது பாதத்துக்குக் கீழே ஒவ்வொரு துண்டாக வைத்து நிலத்தோடு அமுக்கச் சொன்னார். ஸ்பொஞ்.

"ஒண்டுமில்லை."

றெக்சின் இரண்டு மடிப்பு.

"ஏதோ கிடக்கு. என்னெண்டு சொல்லத் தெரியேல்லை."

எஞ்சின் எண்ணெய் வருகிற பிளாஸ்ரிக் கானின் பக்கச் சுவரில் வெட்டிய தகடு. அவள் காலை அமுக்கினாள், எடுத்தாள், மறுபடி அமுக்கினாள். முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

"இது நிலம்," என்றாள்.

"காலிலை தெரியுதோ?"

"காலிலையோ முழங்காலிலையோ தெரியேல்லை. ஆனா நிலம்." கண்ணை மூடியபடியே சிரித்தாள். "கொஞ்சம் சத்தமும் கேக்குது. சத்தம் கேட்டா நல்லம்."

அவர் தானும் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தகட்டில் ஏறி நின்று பார்த்தார். அவருக்கு அது வெறும் தகடாகத்தான் இருந்தது. அவளுக்கு ஏன் அது நிலமானது என்று கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே தைத்தார்.

கான் தகட்டைச் சாக்கு ஊசியால் பலம் கொண்ட மட்டும் குத்திப் பார்த்தார். ஊசி வளைந்தது, தகடு விடவில்லை. அதை நடுவில் வைத்து, மேலே ஒரேயொரு மடிப்புக் காற்சட்டைத் துணி, கீழே சைக்கிள் ரயரின் நடுப்பட்டி. கம்பி ஓடுகிற இரண்டு ஓரங்களையும் முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, காந்தத்தைப் பட்டிமேல் ஓடவிட்டுப் பார்த்த பிறகே எடுத்தார். வாளையும் வேலையையும் தோட்டத்துக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டார். தங்கூசியால் தைத்தார், நூல் நிலத்தில் உரஞ்சித் தேயாதபடி ரப்பரில் முதலில் ஒரு வாய்க்கால் கீறி, தையலை அதற்குள் புதைத்தார். குதிக்காலில் தன் பழைய தோல் இடுப்புப்பட்டியில் ஒரு துண்டு. மாபிளில் வைத்துத் தட்டினார். டக் என்றது.

தேவகுமாரி போட்டுக்கொண்டு எழுந்தாள். குசினிக் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை, நிலத்தைக் குனிந்து பார்க்கவுமில்லை. பிரகலாதன் தன்னை அறியாமலே இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றார்.

"எப்பிடி இருக்கு?" இந்த முறை விடவில்லை. "நல்லாயிருக்கு எண்டு சொல்லாதையும். உண்மையைச் சொல்லும்."

"இடது பக்கம் விரலிடத்திலை தையல் நிலத்திலை தட்டுற சத்தம் கேக்குது," என்றாள். "குதிக்கால் துண்டு வழுக்கப் பாக்குது. மேல்துணி நிறம் எனக்குப் பிடிக்கேல்லை."

அவருக்கு அவ்வளவு சந்தோசம் எந்தப் பாராட்டிலும் வந்ததில்லை. தையலைப் பிரித்தார். தோலில் குறுக்கே வெட்டுகள் கீறி வழுக்கலை நிறுத்தினார். மேல்துணியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

புண் ஆற நெடுநாள் பிடித்தது. இரண்டு தடவை மூடுகிற மாதிரி வந்து திரும்பத் திறந்தது. அந்த நாட்களில் பிரகலாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் போய் நின்றால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. விரதங்கள் வந்து போயின. கடைசியில் கிளினிக்கில் மிஸ்ஸி கட்டை அவிழ்த்துப் பார்த்து, "இனிக் கட்டத் தேவையில்லை," என்றாள். தங்கூசியை எடுத்துத் திரும்பவும் தொட்டுப் பார்த்தாள். தேவகுமாரி முன்போலவே பிழையான நேரத்தில் "ஓம்" என்றாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

மிஸ்ஸி செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்கை வாங்கினீங்கள் ஐயா?"

பிரகலாதன் சொல்லத் தொடங்கினார். ரியூப்பில் தொடங்கி, லெனாட்டின் ஓட்டைக்குப் போய், அங்கிருந்து கிளச்சுக்குத் தாவி, கான் தகட்டுக்கு வந்தபோது மிஸ்ஸி முற்றாகக் குழம்பிப்போய் நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். தேவகுமாரி அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ. சனம் நிக்குது."

இப்போது வீட்டுக்குள் அவள் நடந்தால் டக், டக் என்று கேட்கும். சாமியறை வாசலில் மட்டும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள். அதை எவர் சொல்லியும் மாற்ற முடியவில்லை. காலையில் அவள் விளக்கேற்ற முன்னர் பிரகலாதன் அந்த அறைக்குள் காந்தத்தை ஒருமுறை இழுத்துவிட்டு வருவார். பிறகு விறாந்தையில் இருந்து பேப்பர் பார்ப்பார். டக், டக் என்று வந்த சத்தம் சாமியறை வாசலில் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இராது. எழுந்துபோய்ப் பார்ப்பதா, போனால் தன்னை நம்பவில்லை என்று நினைப்பாளா, போகாமல் விட்டால் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு ஒரு முடிவும் வராது. பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். பாதி எழும்புவார்.

"இஞ்சாருங்கோ," என்று உள்ளேயிருந்து குரல் வரும். "முனகாமல் இருங்கோ. நான் நிக்கிறன்."